இடுப்பில் துப்பாக்கி, வயிற்றில் அவசரம்: பொதுக் கழிப்பறையில் என்ன செய்வது?

டெக்சஸில் எல்டிசி, அதாவது கைத்துப்பாக்கி வைத்துக்கொண்டு நடப்பதற்கான லைசென்ஸ், அதற்கான வகுப்பு நாலு முதல் ஆறு மணி நேரம். சட்டம் சொல்லித் தருவார்கள், சண்டை வந்தால் எப்படி விலகிப் போவது என்று சொல்லித் தருவார்கள், அப்புறம் ரேஞ்சில் நிறுத்தி 3, 7, 15 கஜத் தூரங்களில் மொத்தம் 50 குண்டு சுடச் சொல்வார்கள். நான் நல்ல மதிப்பெண்ணிலேயே தேறினேன். ஆனால் வெளியூரில் வயிறு கலக்கினால் இடுப்பில் இருக்கிற சாமானை என்ன செய்வது என்று அன்று யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. இருபது பேர் நடுவில் அதை எப்படிக் கேட்பது?

கேட்டிருக்கலாம் என்று பிறகு தோன்றியது. அந்தக் கதை கீழே வருகிறது.

ஆரம்பிக்கும் முன் ஒரு விஷயம். எச்-1பி, எஃப்-1 போன்ற விசாவில் இருப்பவர்கள் பொதுவாகத் துப்பாக்கியைக் கையில் வைத்திருப்பதே அமெரிக்க மத்திய சட்டப்படி குற்றம். வேட்டை லைசென்ஸ் எடுத்தால் போதும் என்று நண்பர்கள் சொல்வார்கள். அந்த விதிவிலக்கு உண்மையில் இருக்கிறது. ஆனாலும் கிரீன் கார்டு வரிசையில் நிற்கிறவர் வக்கீலைக் கேட்காமல் அதை நம்பி இறங்க வேண்டாம். டெக்சஸில் 2021 செப்டம்பர் 1 முதல் லைசென்ஸ் இல்லாமலே கைத்துப்பாக்கி வைத்துக்கொண்டு நடக்கலாம் என்று ஆகிவிட்டதால், "அப்போ எல்லாருக்கும் ஓகேதானே" என்று கேட்டு வாரம் ஒரு மின்னஞ்சல் வருகிறது. எல்லாருக்கும் ஓகே இல்லை. சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

முதலில்: போகாமல் இருக்க முடியுமா?

சிரிக்காதீர்கள். வீட்டை விட்டுக் கிளம்பும் முன் போய்விட்டு வருவதுதான் இதில் பாதி வேலை. நெடும்பயணத்தில் எங்கே நிறுத்துவது என்று முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள். நான் ஹூஸ்டனிலிருந்து டல்லஸ் போகும்போதெல்லாம் பக்கீஸ் என்கிற பெரிய நெடுஞ்சாலை பெட்ரோல் நிலையத்தில்தான் நிறுத்துவேன். கழிப்பறை சுத்தம் என்பது ஒரு காரணம். அதைவிட முக்கியமாக, நான் போன கிளைகளில் அறைகளின் சுவரும் கதவும் கிட்டத்தட்டத் தரைவரை வருகின்றன. சாதாரண அமெரிக்க ரெஸ்ட்ரூமில் தடுப்புக்குக் கீழே ஓர் அடி திறந்து கிடக்கும், பக்கத்து ஆளின் பாதமும் கணுக்காலும் தெரியும். அவருடையது நமக்குத் தெரிந்தால் நம்முடையதும் அவருக்குத் தெரியும்தானே.

தாழ்ப்பாள் போட்டுக்கொள்ளும் குடும்ப ரெஸ்ட்ரூம் காலியாக இருந்தால் அதுதான் முதல் தேர்வு. இல்லாவிட்டால் வரிசையின் கடைசி அறை. அதிலும் உறை இருக்கிற பக்கம் சுவர் வருகிற மாதிரி பாருங்கள். எனக்கு வலது இடுப்பு, அதனால் உட்கார்ந்தால் வலப்பக்கம் சுவர் இருக்க வேண்டும்.

சிறுநீர் மட்டும் என்றால் சிக்கலே இல்லை. பெல்ட்டைத் தொடாதீர்கள், ஜிப் போதும்.

நான் சறுக்கிய இடம்

மூன்று வருடம் முன்பு, ஒரு குளிர்கால இரவு, நெடுஞ்சாலை ஓரம் ஒரு சின்ன பெட்ரோல் நிலையம். உள்ளே போய்க் கதவைச் சாத்தி, வழக்கம்போல பெல்ட்டை அவிழ்த்தேன். என்னிடம் இருப்பது கிளாக் 19 கைத்துப்பாக்கி. 15 குண்டு போட்டால் முக்கால் கிலோவுக்கு மேல் வரும். கைப்பிடியும் கனம்தான், ஏனென்றால் குண்டுகள் எல்லாம் அங்கேதான் இருக்கின்றன. பெல்ட் இறுக்கமாக இருக்கும்வரை அது தெரியாது. பெல்ட் அவிழ்ந்த நொடியில் பேன்ட் தொய்ந்தது, கைப்பிடி வெளிப்பக்கம் சாய்ந்தது, உறை தலைகீழானது, துப்பாக்கி வழுக்கிக்கொண்டு கிளம்பியது.

என் கை தானாகப் பாய்ந்தது. செல்போன் விழுந்தால் பாய்வோமே, அதே மாதிரி. கைக்கு அகப்படவில்லை. டைல்ஸில் 'டங்' என்று விழுந்து, சுற்றி, பாதி தடுப்புக்கு அந்தப் பக்கம் போய் நின்றது. பக்கத்து அறையில் பழுப்பு நிற கௌபாய் பூட்ஸ் இரண்டு தெரிந்தன. மெதுவாக அவை பின்னுக்கு நகர்ந்தன. இரண்டு நொடி சத்தமே இல்லை. அப்புறம் ஒரு குரல்: "அது உங்களுடையதாக இருக்கும் என்று நினைக்கிறேன், சார்."

அவமானம் ஒரு பக்கம் இருக்கட்டும். வீட்டுக்கு வந்து யோசித்தபோது வியர்த்தது கை பாய்ந்ததை நினைத்துத்தான். கிளாக் போன்ற நவீன கைத்துப்பாக்கிகளில் ட்ரிகரை அழுத்தாமல் ஊசி முன்னே போகாதபடி உள்ளேயே பூட்டு உண்டு. கீழே விழுந்தால் சாதாரணமாக வெடிக்காது. ஆனால் விழுகிற துப்பாக்கியைப் பாய்ந்து பிடிக்கும்போது விரல் எங்கே போய்ச் சிக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. அதனால்: விழுந்தால் விழட்டும். பிடிக்கப் போகாதீர்கள். கையை உயர்த்திக்கொண்டு விழ விடுங்கள். நின்ற பிறகு நிதானமாக, விரல் ட்ரிகர் பக்கம் போகாமல், கைப்பிடியைப் பிடித்து எடுங்கள். (எல்லாத் துப்பாக்கியும் இப்படி நம்பகமானது என்று சொல்லவில்லை. சிக் நிறுவனத்தின் பி320 கைத்துப்பாக்கி சில கோணங்களில் விழுந்தால் சுடலாம் என்று தெரிந்து, 2017இல் அந்த நிறுவனம் உள்பாகங்களை மாற்றிக்கொடுக்க வேண்டி வந்தது. பழையதாக வாங்கியிருந்தால் மாற்றிவிட்டார்களா என்று பாருங்கள்.)

இப்போது நான் செய்வது

கதவுத் தாழ்ப்பாளை இழுத்துப் பார்க்கிறேன். ஜாக்கெட்டைக் கொக்கியில் மாட்டுகிறேன். ஜாக்கெட்டை மட்டும்.

பெல்ட்டைத் தொடும் முன், உறை இருக்கிற பக்கத்துக் கையால் உறையையும் பெல்ட்டையும் சேர்த்து ஒரே பிடியாகப் பிடிக்கிறேன். உள்ளங்கை துப்பாக்கியின் பின்பக்கத்தில் இருக்கும், விரல்கள் பெல்ட்டைச் சுற்றி இருக்கும். மற்றக் கை பக்கிளை அவிழ்க்கும். இந்த வரிசை மாறவே கூடாது. முதலில் பிடி, பிறகு அவிழ்.

அந்தப் பிடியை விடாமல் பேன்ட்டோடு சேர்த்து இறக்கிக்கொண்டே உட்காருகிறேன். முழங்கால் வரைதான். கணுக்கால் வரை போனால் துப்பாக்கி தரையில் கிடக்கும், தடுப்புக்குக் கீழே எல்லாருக்கும் கண்காட்சி.

அடுத்தது யாரும் எனக்குச் சொல்லித் தராதது: உட்கார்ந்தபின் பெல்ட்டை முழங்கால் மட்டத்தில் மறுபடி மாட்டிவிடுங்கள். முழங்கால்களைச் சற்று அகட்டினால் பெல்ட் விறைப்பாகிவிடும். இடுப்பில் இருந்தபோது உறை எப்படி நிமிர்ந்து நின்றதோ அப்படியே நிற்கும். கைப்பிடியை உள்பக்கம் திருப்பி, சட்டை நுனியை மேலே போட்டு மூடிக்கொள்ளுங்கள். துப்பாக்கிக் குழல், பக்கத்து அறையில் இருப்பவர் காலைப் பார்க்காமல் கீழே பார்க்கட்டும்.

இவ்வளவுக்கும் துப்பாக்கி உறையை விட்டு வெளியே வரவில்லை என்பதைக் கவனியுங்கள். உறைக்குள் இருக்கும்வரை ட்ரிகர் மூடியிருக்கிறது. வெளியே எடுத்தால் வைக்க ஓர் இடம் தேட வேண்டும், திரும்பச் செருகவும் வேண்டும். குறுகலான இடத்தில் சட்டை நுனி ட்ரிகரில் சிக்குகிற வாய்ப்பு அந்தச் செருகும் நேரத்தில்தான் அதிகம். 2014இல் யூட்டாவில் ஓர் ஆசிரியையின் துப்பாக்கி பள்ளிக் கழிப்பறையில் வெடித்து, குண்டு பீங்கானில் பட்டு, சிதறியது காலில் பாய்ந்தது.

சரி, உறை பேன்ட்டில் நிற்கவே மாட்டேன் என்கிறது, கழற்றித்தான் ஆக வேண்டும் என்றால்? உறையோடு சேர்த்துக் கழற்றுங்கள். இறக்கிவிட்ட பேன்ட், இரண்டு முழங்காலுக்கும் நடுவில் தொட்டில் மாதிரி இருக்கும். அதில் வையுங்கள். அங்கே வைத்தால் அதை எடுக்காமல் உங்களால் எழுந்திருக்கவே முடியாது.

பேப்பர் பெட்டிமேல் வேண்டாம். ஃபிளஷ் டாங்க்மேல் வேண்டாம். கதவுக் கொக்கியில் வேண்டவே வேண்டாம், மேலேயிருந்து ஒரு கை வந்தால் நீங்கள் இருக்கிற நிலையில் துரத்திக்கொண்டு ஓட முடியாது. எவ்வளவு பயிற்சி இருந்தாலும் மறதி வரும். 2015 ஜனவரியில் வாஷிங்டன் கேப்பிடல் பார்வையாளர் மையத்தில், செனட் பெரும்பான்மைக் கட்சித் தலைவரின் பாதுகாப்புக் குழுவைச் சேர்ந்த காவலர் ஒருவர் கிளாக்கை டாய்லெட் சீட் பேப்பர் வைக்கும் பெட்டியில் விட்டுவிட்டுப் போனார். மார்ச்சில் சபாநாயகரின் காவலர் ஒருவர் விட்டுப் போனதைக் கண்டெடுத்தது பெற்றோரோடு வந்த ஒரு குழந்தை. 2018இல் ஃபுளோரிடாவின் டீர்ஃபீல்ட் பீச் படகுத்துறைக் கழிப்பறையில் ஓர் ஆசிரியர் மறந்துவைத்த துப்பாக்கியை, அவர் திரும்பி வருவதற்குள் போதையில் இருந்த ஒருவர் எடுத்துச் சுட்டேவிட்டார். யார்மேலும் படவில்லை.

எழுந்திருப்பது இதே வேலைதான், தலைகீழாக. கையைத் துடைத்துக்கொண்டு, உறையைப் பிடித்து, பெல்ட்டை அவிழ்த்து, தூக்கி, மாட்டுங்கள். மாட்டியபின் சட்டைக்கு மேலாகத் தொட்டுப் பாருங்கள். கைகழுவும் இடத்தில் குனியும்போது சட்டை முதுகில் ஏறும். கண்ணாடியில் ஒரு பார்வை பார்த்துக்கொள்ளுங்கள்.

சாமான்கள்

கைடெக்ஸ் என்கிற கெட்டி பிளாஸ்டிக் உறை. இதில் எனக்கு இரண்டாவது கருத்தே இல்லை. அந்தந்தத் துப்பாக்கிக்கென்று வார்த்தது, உள்ளே போனால் 'க்ளிக்' என்று பிடிக்க வேண்டும். பத்து டாலர் நைலான் உறை, "எல்லாத் துப்பாக்கிக்கும் பொருந்தும்" என்று எழுதியிருக்குமே, என்னைக் கவிழ்த்தது அதுதான். எல்லாவற்றுக்கும் பொருந்துவது எதையும் பிடிக்காது. நல்ல கெட்டித் தோல் உறை சரிதான், நாள்பட்டுத் தொளதொளத்துவிட்டால் மாற்றிவிடுங்கள்.

பெல்ட் விறைப்பாக இருக்க வேண்டும். ஓட்டை வைத்த பெல்ட்டைவிட ராட்செட் பெல்ட்டையே சிபாரிசு செய்வேன். முழங்காலில் மாட்டும்போது எந்த அளவிலும் நிற்கும், ஓட்டை தேட வேண்டாம்.

வாங்கிய உறையை வீட்டில் சோதியுங்கள். மேகசினை (கைப்பிடிக்குள் இருக்கும் குண்டுப் பெட்டி) கழற்றி, சேம்பரை (சுடத் தயாராகக் குண்டு நிற்கும் இடம்) கண்ணாலும் விரலாலும் இரண்டு முறை பார்த்து, குண்டுகளை வேறு அறையில் வைத்துவிட்டு, துப்பாக்கியை உறையில் செருகிக் கட்டிலுக்கு மேல் தலைகீழாகப் பிடித்துக் குலுக்குங்கள். விழுந்தால் அந்த உறை குப்பைக்கு. அதே வெறும் துப்பாக்கியோடு வீட்டுக் கழிப்பறையில் பத்துத் தடவை உட்கார்ந்து எழுந்து பழகுங்கள். என் மனைவி கதவைத் தட்டி "உள்ளே என்ன பண்றீங்க?" என்று கேட்டாள். பதில் சொல்லவில்லை.

சேர்க்கை 1: நம்மூர் வழக்கப்படி தண்ணீர் பாட்டிலோடு போகிறவர்கள் இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். ஒரு கையில் பாட்டில், ஒரு கை வேலையில் இருந்தால் உறையைப் பிடிக்க மூன்றாவது கைக்கு எங்கே போவது? முழங்காலில் பெல்ட்டை மாட்டியிருந்தால் பிடிக்கவே தேவையில்லை, அதற்காகத்தான் அந்த வேலை. எழும் முன் பாட்டிலைக் கீழே வைத்துவிட்டு, இரண்டு கையையும் ஈரம் போகத் துடைத்துவிட்டே உறையைத் தொடுங்கள்.

சேர்க்கை 2: சுடிதார் போடும் ஒரு சகோதரி எழுதினார்: "பெல்ட்டே இல்லையே, அண்ணா, நாங்கள் என்ன செய்வது?" நியாயமான கேள்வி, எனக்குத் தோன்றாமல் போனது என் தவறு. நாடாவில் எந்த உறையையும் மாட்டாதீர்கள். வயிற்றைச் சுற்றிக் கட்டும் பெல்லி பேண்டில், ட்ரிகரை மூடும் கெட்டி உறை உள்ளே இருக்கிற மாதிரி வாங்குங்கள். உட்காரும் முன் அதை விலாப் பக்கம் மேலே ஏற்றிவிட்டால் உடை இறங்கினாலும் துப்பாக்கி இறங்காது. கைப்பையில் வைப்பவர்கள் பையைக் கொக்கியில் மாட்டவோ தரையில் வைக்கவோ வேண்டாம். வாரைக் கழுத்தைச் சுற்றிக் குறுக்கே போட்டு மடியில் வையுங்கள்.

சேர்க்கை 3: "பேசாமல் காரில் வைத்துவிட்டுப் போகலாமே?" அடிக்கடி எடுத்து, வைத்து, மறுபடி மாட்டுவதைவிட உறையிலேயே விடுவதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது. ஆனால் மறைத்து வைத்த துப்பாக்கியோடு உள்ளே வரக் கூடாது என்கிற 30.06 பலகை மாட்டிய கடை மாதிரி கொண்டுபோகக் கூடாத இடம் என்றால் வேறு வழியில்லை. இருக்கைச் சட்டத்தோடு கேபிளால் கட்டிய இரும்புப் பெட்டியில் பூட்டிவிட்டுப் போங்கள். டாஷ்போர்டு பெட்டி பூட்டு ஒரு பூட்டே இல்லை.

சேர்க்கை 4: சின்னப் பிள்ளையோடு போகிறவர்களுக்கு. போன மாதம் என் நாலு வயது மகளையும் உள்ளே அழைத்துப் போக வேண்டி வந்தது. சட்டையால் மூட மறந்துவிட்டேன். "அப்பா, இது என்ன கறுப்பா?" என்று ரெஸ்ட்ரூம் முழுக்கக் கேட்கிற மாதிரி கேட்டாள். தமிழில் கேட்டதால் பிழைத்தேன். இப்போதெல்லாம் அவள் கூட வந்தால் குடும்ப ரெஸ்ட்ரூம் மட்டும்தான். அது இல்லாத இடமென்றால், கிளம்பும்போதே துப்பாக்கி வீட்டுப் பெட்டகத்தில்.

பூட்ஸ்காரரைப் பற்றி நிறையப் பேர் கேட்டிருக்கிறீர்கள். நான் வெளியே வந்தபோது அவர் கைகழுவிக்கொண்டிருந்தார். என் இடுப்பை ஒரு தடவை பார்த்துவிட்டு, "நல்ல உறையாக ஒன்று வாங்குங்கள்" என்றார்.

மறுநாளே வாங்கினேன்.