கடற்கரை வீட்டுக் காலணாக்களைத் தரம் பிரிக்கும் முறை

இராமேசுவரம், மண்டபம், கீழக்கரை, தொண்டி ஆகிய ஊர்களில் செம்புக்காசு சேர்ப்பவரின் டப்பாவில் விக்டோரியா, ஐந்தாம் ஜார்ஜ் தலைபோட்ட காலணாக்களும் (கால் அணா, அதாவது பழைய ரூபாயில் அறுபத்துநான்கில் ஒரு பங்கு), 1943 முதல் 1947 வரை வெளியான ஓட்டைக் காலணாக்களும், தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் கப்பல் ஓடிய காலத்தை நினைவூட்டும் இலங்கைச் சதங்களும் கலந்தே கிடக்கும். இவற்றைத் தரம் பிரிப்பவர் கைமாறிக் கைமாறி ஏற்பட்ட தேய்மானத்தையும், உப்புக்காற்று உண்டாக்கிய அரிப்பையும் தனித்தனியே மதிப்பிட வேண்டும். தரம் என்பது தேய்மானத்தின் அளவு. அரிப்பு என்பது சேதம்.

காசை எக்காரணம் கொண்டும் புளி, எலுமிச்சை, சாம்பல் போட்டுத் தேய்க்கக் கூடாது. நூறாண்டு கடந்து படிந்த பழுப்பு நிறமே செம்பின் பாதுகாப்பு. அதை உரித்தெடுத்த காசு எவ்வளவு பளபளத்தாலும், விவரம் அறிந்தவர் அதைக் கெட்டுப்போன காசாகவே கருதுவார்.

விளிம்பை மட்டும் பிடித்து, ஒரே விளக்கின் கீழ்க் காசை மெல்லச் சாய்த்துப் பாருங்கள். முதலில் வெறுங்கண், பிறகு ஐந்து முதல் பத்து மடங்கு பெரிதாக்கும் லென்சு. தேய்மானம் மேடான இடத்தில்தான் தொடங்கும். விக்டோரியா காசில் காதுக்கு மேலுள்ள கூந்தல் இழைகள், கிரீடம், ஆடையின் பூவேலை. ஐந்தாம் ஜார்ஜ் காசில் கிரீடத்தின் மணிகள், புருவம், மீசை. கூந்தல் இழை இழையாகத் தெரிந்து, நுனிகள் மட்டும் மழுங்கியிருந்தால் 'எக்ஸ்ட்ரா பைன்'; பாதி இழைகள் ஒன்றோடொன்று கலந்திருந்தால் 'வெரி பைன்'; எழுத்தும் ஆண்டும் தெளிவாக நின்று, தலையில் உள்விவரம் பெரிதும் மறைந்திருந்தால் 'பைன்' என்று குறிக்கலாம். 1949இல் வில்லியம் ஷெல்டன் அமெரிக்கச் செம்புச் சதங்களுக்காக வகுத்த 70 புள்ளி அளவுகோலில் (எண் கூடக் கூடத் தேய்மானம் குறைவு) இவை முறையே 40, 20, 12 ஆகிய எண்களில் தொடங்குகின்றன. அச்சு சரியாக விழாத காசும் தேய்ந்ததுபோலத் தோன்றும். ஆனால் மழுங்கிய இடத்தின் நிறமும் மினுக்கமும் சுற்றியுள்ள பரப்பை ஒத்திருந்தால், அது பெரும்பாலும் அச்சின் குறையே.

இனி உப்பு. கெட்டியாக, வழவழப்பாகப் படிந்த கரும்பச்சைப் படலம் பொதுவாகக் காசை மேலும் தின்னாது. வெளிர்பச்சைப் பொடி குச்சியால் தொட்டதும் உதிர்ந்து, அடியில் குழி தெரிந்தால், உப்பிலுள்ள குளோரைடு ஈரத்தோடும் காற்றோடும் சேர்ந்து செம்பை இன்னும் அரித்துக்கொண்டிருக்கிறது என்று பொருள். அக்னி தீர்த்தக் கரையில் கடலிலிருந்து எடுத்த காசுகளில் இந்தக் குழிகளைத் தவறாமல் தேடுங்கள். இங்கே தராசும் உதவும்: 1906க்கு முந்தைய செம்புக் காலணா சுமார் 6.47 கிராம், பிந்தைய, ஓட்டையில்லாத வெண்கலக் காலணா சுமார் 4.86 கிராம் இருக்க வேண்டும். தேய்மானம் குறைவாகத் தெரிந்தும் எடை கணிசமாகக் குறைந்திருந்தால், உப்பு தின்றதோ என்று சந்தேகிக்க வேண்டும். அத்தகைய காசுக்கு 'வெரி பைன் விவரம், அரிப்பு உண்டு' என்று இரண்டையும் சேர்த்தே எழுதுவதுதான் நேர்மை. விற்பதாக இருந்தால் அது கட்டாயம்.

ஆண்டு, எடை, தரம், சேதம் ஆகியவற்றை அமிலமற்ற காகித உறையின் மேல் பென்சிலால் எழுதிவிட்டு, அதன் பிறகே காசை உள்ளே இடுங்கள். பிவிசி பிளாஸ்டிக் உறை நாளடைவில் பச்சைப் பிசினைக் கக்கும் என்பதால் வேண்டாம். உறைகளை, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லுடன் காற்றுப் புகாத டப்பாவில் மூடி, பொடி உதிரும் காசுகளுக்கு மட்டும் தனி டப்பா வைத்து, ஐப்பசி, கார்த்திகை மழைக்கு முன்னும் பின்னும் திறந்து பாருங்கள்.