நனைந்த பனியனும் ஜனவரி ஓட்டமும்

டொரொன்டோவில் என் முதல் ஜனவரி. மைனஸ் 12 டிகிரி. பருத்தி பனியன், அதன்மேல் ஸ்வெட்டர், அதற்கும் மேல் தடித்த கோட் என்று போட்டுக்கொண்டு ஓடக் கிளம்பினேன். இரண்டாவது கிலோமீட்டரிலேயே வியர்வை ஊற்றியது. ஒன்டாரியோ ஏரிக்கரையில் திரும்பியதும் எதிர்காற்று. நனைந்த பனியன் முதுகில் ஜில்லென்று ஒட்டிக்கொண்டது. பல் தந்தியடிக்க, வீடுவரை நடந்தேதான் வந்தேன்.

கோளாறு குளிரில் இல்லை, பருத்தியில். அது வியர்வையை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், லேசில் காயாது. அந்த ஈரம் உடம்புச் சூட்டை இழுத்துவிடும். இப்போது உடம்போடு ஒட்டி ஒரு மெரினோ கம்பளி பனியன், மேலே காற்றுப் புகாத மெல்லிய ஜாக்கெட், அவ்வளவுதான். போனில் காட்டும் டிகிரியோடு 10 கூட்டி (மைனஸ் 12 என்றால் மைனஸ் 2), அந்தக் குளிருக்குத்தான் உடுத்துகிறேன். வாசலில் நிற்கும்போது கொஞ்சம் நடுங்கத்தான் செய்யும்; பத்து நிமிஷத்தில் சரியாகிவிடும்.

விரல்கள்தான் ரொம்ப நாள் படுத்தின. சாதாரணக் கையுறை போதவில்லை. நான்கு விரலும் ஒரே பைக்குள் சேர்ந்திருக்கும் மிட்டன் வாங்கிய பிறகே வலி நின்றது. பாதையையும் மாற்றினேன்: போகும்போது எதிர்காற்று, வியர்த்துத் திரும்பும்போது முதுகுக் காற்று.

போன ஞாயிறு விடியும் நேரத்தில் ஓடினேன். புதுப் பனி காலடியில் அப்பளம்போல் நொறுங்கியது. மூச்சு உறைந்து இமைமுடியில் வெள்ளையாகப் படிந்திருந்தது. ஏரியின் மேல் ஆவி புகைபோல் எழ, அதற்குள்ளிருந்து சூரியன் வந்தது. அன்று இரண்டு கிலோமீட்டர் கூடுதலாகவே ஓடினேன்.