வன்னியில் இருந்துகொண்டு மிஸ்டரி ஷொப்பிங்: நல்ல காசு தரும் வேலைகளை எப்படிப் பிடிப்பது

வாடிக்கையாளர் போலக் கடைக்குப் போய், கவனித்து, அறிக்கை எழுதிக் காசு வாங்குவதுதான் மிஸ்டரி ஷொப்பிங். அது தெரிந்து, இந்த வேலை தருகிற ஒன்றிரண்டு கம்பெனிகளில் பதிந்து, சில சின்ன வேலைகளும் செய்துவிட்டு, "பெற்றோல் காசுகூட மிஞ்சவில்லையே" என்று நிற்கிறவர்களுக்கு இந்தப் பதிவு.

நான் கிளிநொச்சியில் இருந்துதான் செய்கிறேன். இதைப் பற்றிக் கிடைக்கிற விளக்கங்கள் பெரும்பாலும் தெருவுக்கு நாலு வங்கிக் கிளையும் கடைக் கிளையும் இருக்கிற நகரங்களை மனதில் வைத்து எழுதியவை. எங்களுக்கோ ஒரு கிளைக்கும் அடுத்த கிளைக்கும் இடையில் வயலும் காடும் கிடக்கின்றன. கூலியைக் கூட்டிக் கேட்பதற்கு எங்களிடம் இருக்கிற பிடி அந்தத் தூரம்தான். கொழும்பில் இருக்கிற கம்பெனிக்கு வெள்ளவத்தையில் ஆள் கிடைப்பது லேசு. முல்லைத்தீவுக்கு ஆள் தேடுவது பெரும் பாடு.

படி 1: பதிதல்

ஒரு கம்பெனியை மட்டும் நம்பியிருந்தால் நல்ல வேலை கண்ணில் படாது. எம்.எஸ்.பி.ஏ என்ற தொழில் அமைப்புக்கு ஆசிய பசிபிக் பிரிவு இருக்கிறது. அதன் உறுப்பினர் பட்டியலைப் பார்த்து, இலங்கையில் வேலை தருகிற எல்லாவற்றிலும் பதியுங்கள். பதிவதற்குக் காசு கேட்டால் அந்த இடத்தை விட்டு விலகிவிடுங்கள். முறையான கம்பெனி ஒருபோதும் கேட்காது.

சுயவிவரத்தில் உங்கள் ஊரை மட்டும் போட்டு விடாதீர்கள். வவுனியா, மாங்குளம், முல்லைத்தீவு, புதுக்குடியிருப்பு, மன்னார் என்று போகக்கூடிய இடமெல்லாம் போடுங்கள். தமிழில் கதைத்து ஆங்கிலத்தில் அறிக்கை எழுதுவேன் என்பதையும் போடுங்கள். சிங்களமும் தெரிந்தால் இன்னும் நல்லது. தமிழ் வாடிக்கையாளரை எப்படிக் கவனிக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள விரும்பும் கம்பெனிக்கு அப்படியான ஆள் லேசில் அகப்படமாட்டார்.

படி 2: கூலியை மணித்தியாலத்தால் பிரித்துப் பாருங்கள்

கம்பெனியின் இணையத்தளப் போர்ட்டலில் தெரியும் தொகையைப் பார்த்து வேலையை எடுக்கக் கூடாது. ஒரு கணக்குப் போடுவோம். முல்லைத்தீவில் ஒரு கிளைக்கு 1,500 ரூபா தருகிறார்கள். கிளிநொச்சியில் இருந்து போக வர 110 கிலோமீற்றருக்கு மேல். மோட்டார் சைக்கிள் லீற்றருக்கு 50 ஓடும், பெற்றோல் லீற்றர் 300 ரூபா என்று வைத்தால் ஏறக்குறைய 700 ரூபா வீதியிலேயே போய்விடும். மிச்சம் 800. ஓட்டம் 3 மணித்தியாலம், கிளைக்குள் அரை, அறிக்கைக்கு ஒன்றரை என்றால் மணித்தியாலத்துக்கு 160 ரூபாதான். உள்ளூரில் 700 ரூபாவுக்கு 2 மணித்தியாலத்தில் முடிகிற வேலை இதைவிட எவ்வளவோ மேல்.

இந்தக் கணக்குக்கு எக்செல் எல்லாம் வேண்டாம். ஒரு சீஆர் கொப்பி போதும். வேலை, கூலி, பெற்றோல், மணித்தியாலம், காசு வந்த திகதி. கொப்பியில் எழுதினால்தான் எந்தக் கம்பெனி உங்கள் நேரத்தைத் தின்கிறது என்பது வடிவாகத் தெரியும்.

படி 3: ஒரே ஓட்டத்தில் கோர்த்தல்

கிளிநொச்சியில் இருந்து பரந்தன், அங்கிருந்து ஏ35 வீதியில் விசுவமடு, புதுக்குடியிருப்பு, முல்லைத்தீவு. திரும்பும்போது ஏ34 வீதியில் ஒட்டுசுட்டான், மாங்குளம், அப்புறம் ஏ9 ஏறி முறிகண்டி வழியாக வீடு. ஏறக்குறைய 130 கிலோமீற்றர். இந்த வட்டத்தில் 1,500, 1,200, 1,200 என்று மூன்று வேலை அகப்பட்டால் 3,900 ரூபா. பெற்றோலுக்கு 800 கழித்தால் 3,100. ஓட்டம், கிளை, அறிக்கை எல்லாம் சேர்த்து ஒன்பதரை மணித்தியாலம் என்றாலும் மணித்தியாலத்துக்கு 325 ரூபா வரும். கூலி ஒரு சதமும் கூடாமலே வருமானம் இரட்டிப்பாகிறது.

வங்கி வேலையை முதலில் வையுங்கள். பெரும்பாலான கிளைகள் 3 மணிக்கே கவுண்டரை மூடிவிடும். போயா நாளில் திறக்கவே மாட்டார்கள்.

படி 4: ஷெட்யூலருக்கு எழுதுதல்

புதியவர்கள் அதிகம் தயங்குவது இங்கேதான். எனக்கும் இந்தப் படிதான் கனகாலம் பிடிபடாமல் இருந்தது. போர்ட்டலில் இருக்கிற கூலி கல்லில் எழுதிய எழுத்து என்று நினைக்கிறோம். அப்படியில்லை. வேலைகளைப் பிரித்துக் கொடுக்கிற ஷெட்யூலருக்கும் ஒரு முடிவுத் திகதி உண்டு. அந்தத் திகதி நெருங்கியும் ஆள் கிடைக்காத கிளைக்கு மேலதிகக் காசு கொடுக்க அவரிடம் ஓரளவு இடம் இருக்கும். மாதக் கடைசி, காலாண்டுக் கடைசி, கார்த்திகை மார்கழி மழைக்காலம் இவையெல்லாம் அப்படியான நேரங்கள். மழைக்காலத்தில் கேட்பதென்றால் வீதி எப்படி இருக்கிறது என்று விசாரித்துவிட்டுக் கேளுங்கள். இரணைமடுக் குளத்தின் வான்கதவு திறக்கிற நாட்களில் காசுக்காக ஓடவேண்டாம்.

முதலில் சில வேலைகளை நேரத்துக்கு முடித்து, கம்பெனியிடம் நல்ல மதிப்பெண் எடுத்திருக்க வேண்டும். அதன் பிறகு எழுதுங்கள். கஷ்டத்தைச் சொல்லி இரக்கம் தேடவேண்டாம். ஷெட்யூலருக்குத் தேவை தன் பட்டியலில் ஒரு வெற்றிடம் நிரம்புவது. இந்த மாதிரி எழுதலாம்:

"வணக்கம். முல்லைத்தீவுக் கிளையும் புதுக்குடியிருப்புக் கிளையும் இன்னும் திறந்திருப்பதைப் பார்த்தேன். இரண்டையும் வரும் வியாழக்கிழமை ஒரே நாளில் செய்து, அன்றிரவே அறிக்கை அனுப்ப முடியும். போக வர 110 கிலோமீற்றருக்கு மேல் என்பதால் ஒவ்வொன்றுக்கும் 700 ரூபா பயணக் காசு சேர்த்துத் தந்தால் இன்றே உறுதிப்படுத்துகிறேன்."

கிளை, நாள், தொகை, காரணம் நாலும் வந்துவிட்டன. "கொஞ்சம் கூட்டித் தாருங்கள்" என்று மட்டும் எழுதினால் பதில் வராது, தொகையைச் சொல்லவேண்டும். முடியாது என்று பதில் வந்தால் நன்றி சொல்லி, "திகதி நெருங்கியும் ஆள் கிடைக்காவிட்டால் அறிவியுங்கள்" என்று எழுதி விடுங்கள். பல தடவை அவர்களே திரும்பி வருவார்கள்.

கூட்டித் தருகிறோம் என்று போனில் சொன்னால் போதாது. போர்ட்டலில் உங்கள் வேலைக்கு நேரே புதிய தொகை ஏறியிருக்கிறதா என்று பார்த்த பிறகே மோட்டார் சைக்கிளை எடுங்கள். ஒத்துக்கொண்ட வேலையைக் கைவிடவும் வேண்டாம். மதிப்பெண் விழுந்தால் அடுத்த பேரத்தில் உங்களுக்குக் குரல் இருக்காது.

படி 5: எதை எடுப்பது, எதை விடுவது

சாப்பாட்டுக் கடை வேலைகளை நான் எடுப்பதில்லை. சாப்பாட்டுக் காசைத் திருப்பித் தருவதையே கூலி என்று கணக்குக் காட்டுவார்கள். வங்கிக் கணக்குத் திறப்பது பற்றி விசாரித்தல், லீசிங், காப்புறுதி, மோட்டார் சைக்கிள் ஷோரூம் ஆகியவற்றுக்கு நீளமான உரையாடல் வேண்டும், அதனால் கூலியும் கூடுதல். வீட்டில் இருந்தே செய்கிற தொலைபேசி வேலைகளுக்குக் கூலி குறைவென்றாலும் பெற்றோல் செலவு இல்லை. கணக்குப் போட்டால் பல நேரம் அதுதான் முன்னுக்கு நிற்கும்.

படி 6: அறிக்கை

கிளைக்குள் குறிப்பெடுக்க முடியாது. வாட்ஸ்அப்பில் உங்களுக்கே ஒரு செய்தி அனுப்புங்கள்: உள்ளே வந்ததும் ஒரு புள்ளி, கவுண்டரில் பேச ஆரம்பிக்கும்போது ஒரு புள்ளி. நேரம் தானாகப் பதிந்துவிடும். வெளியே வந்ததும் வேப்பமரத்தடியில் நின்று, ஊழியர் சொன்னதைக் குரல் பதிவாகச் சொல்லி வையுங்கள்.

போர்ட்டலில் நேரடியாகத் தட்டச்சு செய்யாதீர்கள். சிக்னல் விட்டுவிட்டு வருகிற இடங்களில் எழுதியதெல்லாம் போய்விடும். போனில் குறிப்பேட்டில் எழுதி ஒட்டுவதுதான் நல்லது.

படிவம் தமிழில் இருந்ததா, வயதானவர்களுக்கு ஆறுதலாக விளக்கினார்களா என்பதை, கேள்வி இல்லாவிட்டாலும் குறிப்புப் பகுதியில் எழுதுங்கள். எங்கள் அம்மாமார் கவுண்டரில் படுகிற பாடு தலைமையகத்துக்குப் போய்ச்சேர இது ஒரு வழி. ஆனால் கண்டதை மட்டும் எழுதுங்கள். ஊதிப் பெருப்பித்து எழுதினால் ஒரு பிள்ளையின் வேலை போகலாம்.

பிற்சேர்க்கை

பதிவைப் படித்த ஒரு தங்கை கேட்டாள்: "அண்ணா, கிளைக்குள் போனால் கூடப் படித்தவள் கவுண்டரில் இருக்கிறாள். என்ன செய்வது?" வன்னியில் இது எல்லோருக்கும் வரும். தெரிந்த முகம் இருந்தால் அந்த வேலையைச் செய்யாமல் திரும்பி, உடனே ஷெட்யூலருக்கு உண்மையைச் சொல்லுங்கள். சொந்தக்காரர் வேலை செய்கிற கிளையை எடுக்கவே கூடாது. வவுனியாக்காரர் முல்லைத்தீவுக்கும் கிளிநொச்சிக்காரர் மன்னாருக்கும் போவது இதற்கும் நல்லது.

இன்னொருவர், வேலை முடித்துக் கனநாளாகியும் காசு வரவில்லை என்று எழுதியிருந்தார். இந்தத் தொழிலில் ஒன்றிரண்டு மாதம் கழித்துத்தான் காசு வரும். அதனால் கைக்காசு போட்டுப் பொருள் வாங்குகிற வேலைகளை ஒரே நேரத்தில் நிறைய எடுக்காதீர்கள். இலங்கை வங்கிக் கணக்குக்கு நேரே போடுவார்களா என்பதை ஒப்பந்தத்தை ஏற்கும் முன்பே எழுத்தில் கேளுங்கள்.

டெலிகிராமில் ஹோட்டலுக்கு நட்சத்திரம் போட்டால் காசு என்று வருவதும் இதுவும் ஒன்றா என்று சிலர் கேட்டிருக்கிறீர்கள். ஒன்றில்லை, அது மோசடி. முதலில் கொஞ்சம் தந்து ஆசை காட்டிவிட்டு, பிறகு பெரிய தொகையை வைப்பிலிடச் சொல்வார்கள். அதுக்குள் போகாதீர்கள். வங்கியில் இருந்து போனுக்கு வருகிற இரகசிய இலக்கத்தை யார் கேட்டாலும் கொடுக்கவும் வேண்டாம்.