ஹோர்மோன் குளிசை: விடியவா, இரவா?

அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய்ச் சத்திரசிகிச்சை முடிந்து, நோய் திரும்பாமல் இருக்கப் போடுகிற ஹோர்மோன் குளிசை தொடங்கிய அன்று, வீட்டில் ஒரே விவாதம். பெரியம்மா விடிய வெறுவயிற்றில் என்றா. சின்னம்மா படுக்கப் போகமுதல் என்றா. "ரெண்டு பேரும் கதைச்சு முடியுங்கோ, நான் பிறகு போடுறன்" என்றா அம்மா. புதிதாகத் தொடங்குகிறவர்களுக்காக, நாங்கள் பழகிய விதத்தை எழுதுகிறேன்.

முதலில் அட்டையில் என்ன பெயர் என்று பாருங்கோ. தமொக்சிபென் பெரும்பாலும் 20 மில்லிகிராம். மாதவிடாய் நின்றவர்களுக்கு லெற்றோசோல் 2.5, அனஸ்றசோல் 1, எக்செமெஸ்ரேன் 25 மில்லிகிராம் என்று எழுதுவார்கள். எல்லாமே நாளுக்கு ஒன்று. எக்செமெஸ்ரேனை மட்டும் சாப்பிட்ட பிறகுதான் போடவேணும். மற்றவற்றுக்குச் சாப்பாட்டுக் கணக்கு இல்லை.

இனி நேரம். தமொக்சிபென் உடம்பில் பாதியாகக் குறையவே 5 முதல் 7 நாள் பிடிக்கும். இரத்தத்தில் நிலையான அளவுக்கு வர ஏறக்குறைய 4 கிழமை. இவ்வளவு ஆறுதலாக நடக்கிற மருந்துக்கு விடியலும் இரவும் ஒன்றுதான். ஆகவே உங்கள் உடம்பைக் கேட்டு முடிவெடுங்கோ. வயிற்றைப் பிரட்டினால் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு. நித்திரை குழம்பினால் காலைக்கு மாற்றிப் பாருங்கோ. மாற்றுகிற அன்று ஒரே நாளில் இரண்டு விழாமல் பார்த்துக்கொள்ளுங்கோ.

நேரத்தை முடிவெடுத்தால், அதை ஏதாவது ஒரு வேலையோடு கட்டிவிடுங்கோ. போன் அலாமை நான் நம்புவதில்லை. அடிக்கும், நிற்பாட்டுவோம், மறப்போம். அம்மா இரவு பிட்டுச் சாப்பிட்டுக் கோப்பையைக் கழுவி வைத்த கையோடு போடுவா. போட்டதும் சுவர்க் கலண்டரில் பென்சிலால் ஒரு கோடு. "போட்டனானோ?" என்ற சந்தேகம் அதோடு போயிற்று.

எங்கள் ஊரில் விரதம் ஒரு பெரிய சிக்கல். கந்தசஷ்டி ஆறு நாளும் குளிசையை நிற்பாட்டுகிறவர்களை எனக்குத் தெரியும். தேவையில்லை. தமொக்சிபெனைத் தண்ணீரோடு விழுங்கலாம். எக்செமெஸ்ரேன் என்றால் அந்த ஒருநேரச் சாப்பாட்டுக்குப் பிறகு போடலாம். முழு உபவாசம் என்றால் முன்கூட்டியே டொக்டரோடு கதையுங்கோ. முருகன் கோவிக்கமாட்டார்.

மறந்தால்? அன்றைக்குள் நினைவு வந்தால் உடனே போடுங்கோ. மறுநாள் வழமையான நேரம் நெருங்கிவிட்டால் தவறியதை விட்டுவிடுங்கோ. இரண்டாகப் போடுவது கூடாது.

வேறு மருந்துகளையும் கிளினிக் கொப்பியில் எழுதுவியுங்கோ. ஈரல் தமொக்சிபெனை எண்டொக்சிபென் என்ற பொருளாக மாற்றினால்தான் அது நன்றாக வேலை செய்யும். மனச்சோர்வுக்குத் தருகிற பரொக்செற்றீன், புளுஒக்செற்றீன் அந்த மாற்றத்தைத் தடுக்கும். அதற்காக அவற்றை நீங்களாக நிற்பாட்ட வேண்டாம், டொக்டர் மாற்றித் தருவார். நாட்டு மருந்தையும் மறைக்காதேங்கோ.

தமொக்சிபென் போடும்போது ஒரு கால் மட்டும் வீங்கி நொந்தாலோ, திடீரென மூச்சு முட்டினாலோ அது இரத்தக்கட்டியாக இருக்கலாம். உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கோ. மாதவிடாய் நின்ற பிறகு இரத்தம் பட்டாலும் கிளினிக் திகதிவரை பொறுக்கக்கூடாது. காய்ச்சல் இல்லாமலே திடீரென உடம்பு சூடேறி வேர்க்கிறதும், லெற்றோசோல் வகைக்கு விடிய மூட்டு விறைக்கிறதும் வேறு கதை. ஆபத்தில்லை, ஆனால் மனுசரை வெறுக்கப் பண்ணும். பலர் சொல்லாமல் கொள்ளாமல் நிற்பாட்டுவது இதனால்தான். சொன்னால் வேறு குளிசைக்கு மாற்ற வழி உண்டு. இது 5 வருசப் பயணம், சிலருக்கு 10.

பத்துக் குளிசை மிஞ்சும்போதே கிளினிக் திகதியைப் பாருங்கோ. கடைசிக் குளிசையும் முடிந்த பின்னேரம் ஆஸ்பத்திரி வீதியில் பாமசி பாமசியாக நான் ஏறி இறங்கினதுபோல நீங்களும் அலைய வேண்டாம்.