நாக்கு மீன் குறைகிறதா? ஏலக்களத்தில் அளந்து பார்க்கும் முறை

பழையாறு முதல் மல்லிப்பட்டினம் வரை எந்த ஏலக்களத்தில் கேட்டாலும் நாக்கு மீன் சிறுத்துப் போச்சு என்பார்கள். உண்மையாகவே இருக்கலாம். ஆனால் வாய்ப்பேச்சை வைத்துக்கொண்டு ஊர்ப் பஞ்சாயத்திலோ மீன்வளத் துறை அலுவலகத்திலோ எதையும் நகர்த்த முடியாது. விசைப்படகுக்காரர் ஆற்று வாயில் கட்டும் சின்னக் கண் வலையைக் காட்டுவார். நாட்டுப்படகுக்காரர் இழுவை மடி வலையைக் காட்டுவார். இருவருமே மறுக்க முடியாத சாட்சி மீனின் நீளம்தான். மொத்த எடை ஏமாற்றும். படகு கூடினாலும் என்ஜின் பெருத்தாலும் எடை கொஞ்ச காலம் குறையாமல் நிற்கும். நீளம் அதற்கு முன்பே காட்டிக்கொடுத்துவிடும். ஒரு வருஷம் ஒழுங்காக நீளம் எடுத்து எழுத ஒரு பலகையும் ஒரு நோட்டும் இரண்டு ஆளும் போதும்.

எந்த மீன் என்று பிரித்துக்கொள்ளுங்கள்

ஒரே கூடையில் விழும் தட்டை மீன்கள், அதாவது இரண்டு கண்ணும் ஒரே பக்கம் உள்ள மீன்கள், எல்லாம் ஒரே மீன் இல்லை. எருமை நாக்கு அரை மீட்டரைத் தாண்டி வளரும். சின்ன நாக்கு மீன் சில இனங்கள் ஒரு சாண் அளவிலேயே முதிர்ந்துவிடும். இரண்டையும் சேர்த்துச் சராசரி போட்டால் அந்த எண்ணுக்கு அர்த்தமே இல்லை.

முதலில் கண் எந்தப் பக்கம் என்று பாருங்கள். கண் உள்ள பக்கத்தை மேலே வைத்து, வயிறு உங்களை நோக்கி இருக்கும்படி மீனைப் போடுங்கள். தலை இடது கைப்பக்கம் வந்தால் இடக்கண் மீன், வலப்பக்கம் வந்தால் வலக்கண் மீன். நாக்கு மீனுக்கு இரண்டு கண்ணும் இடப்பக்கம். பக்கத் துடுப்பு கிடையாது. முதுகுத் துடுப்பும் அடித் துடுப்பும் வாலோடு சேர்ந்து ஒரே விளிம்பாக ஓடும். எருமை நாக்குக்கு வாய் பெரிது, பல் கூர்மை. கண் இடப்பக்கமும் இருக்கும், வலப்பக்கமும் இருக்கும். அதன் முதுகுத் துடுப்பு கண்ணுக்குப் பின்னால் தள்ளித் தொடங்கும். இந்த ஒரு அடையாளம் போதும். இந்த மீனுக்கு 1801-ல் அறிவியல் பெயர் வைத்தபோது அதற்கு ஆதாரமாக இருந்தது தரங்கம்பாடியில் பிடித்த மீன்தான். நம் கடலின் மீன் என்று உரிமையோடு சொல்லலாம். அகல உடம்பும் பெரிய பல்லும் இருந்து, முதுகுத் துடுப்பு கண்ணுக்கு முன்னால் மூக்கை ஒட்டியே தொடங்கினால் அது ஃபிளௌண்டர் வகை. கண் இடப்பக்கம் இருக்கும். கண் வலப்பக்கம், வாய் சின்னதாகக் கோணி இருந்தால் சோல் வகை.

நோட்டில் இந்த நான்குக்கும் தனித்தனிப் பக்கம். உங்கள் ஊரில் வேறு பெயர் இருந்தால் அதையே எழுதுங்கள். ஆனால் ஒவ்வொன்றுக்கும் ஒரு மீனைக் கண் பக்கமும் கண் இல்லாத குருட்டுப் பக்கமும் படம் எடுத்து முதல் பக்கத்தில் ஒட்டிவிடுங்கள். ஆள் மாறினாலும் பெயர் குழம்பாது.

அளவுப் பலகை

70 செ.மீ. நீளம், 20 செ.மீ. அகலம் உள்ள ஒட்டுப்பலகை. ஒரு முனையில் 5 செ.மீ. உயரத்துக்குக் கட்டையைச் செங்குத்தாக அடியுங்கள். அதன் உள்முகத்தில் பூஜ்யம் உட்காரும்படி எஃகு அளவுகோலைப் பதித்து இரண்டு ஓரத்திலும் திருகாணி போடுங்கள். தையல் டேப் ஒட்ட வேண்டாம். நனைந்து காய்ந்து இழுபடும், சில மாதத்தில் அளவு தப்பும். பலகைக்கு வெள்ளை எனாமல் பெயிண்ட் அடித்தால் கழுவ எளிது.

மீனைக் குருட்டுப் பக்கம் கீழே வைத்து, மூக்கு கட்டையைத் தொட, வாய் மூடியிருக்க, வால் நுனி வரை படியுங்கள். 23.7 வந்தால் 23 என்று எழுதுங்கள். எப்போதும் கீழ்ச் செ.மீ. தான். ஒருவர் மேலே ஏற்றியும் ஒருவர் கீழே இறக்கியும் எழுதினால் அரை செ.மீ. பிழை நுழைந்துவிடும், வருஷ வித்தியாசமே சில சமயம் அவ்வளவுதான் இருக்கும். வால் ஒடிந்த மீனை எண்ணிக்கையில் சேருங்கள், நீளத்தில் விடுங்கள். ஐஸில் விறைத்து வளைந்த மீனை அழுத்தி நிமிர்த்தாமல், தண்ணீரில் சற்று நேரம் போட்டுவிட்டு அளங்கள்.

எதை அளப்பது

பிழை அதிகம் நுழையும் இடம் இதுதான். ஏலம் கூறு போட்ட பிறகு போனால் பெரிய மீன் ஒரு கூறு, சின்னது ஒரு கூறு என்று பிரிந்திருக்கும். கண்ணுக்குப் பெரியதுதான் படும். ஆகவே தரம் பிரிக்கும் முன்பே ஒரு பெட்டியைத் தேர்ந்துகொண்டு அதில் உள்ள தட்டை மீன் அனைத்தையும் அளங்கள். பாதியில் நிறுத்தாதீர்கள். மேலாக இருப்பதை மட்டும் எடுத்தால் பெரிய மீனே கையில் வரும்.

இருவாரத்துக்கு இரண்டு நாள், மாதம் ஒரு வகைக்கு 100 மீனாவது சேர வேண்டும். பாக் நீரிணைப் பக்கம் மல்லிப்பட்டினம், சேதுபாவாசத்திரத்தில் விசைப்படகுகள் திங்கள், புதன், சனி என்று முறை வைத்துத் தொழிலுக்குப் போகின்றன. அந்தப் படகுகள் கரை பிடிக்கும் நேரத்தை ஒட்டி நாளைக் குறியுங்கள். மற்ற நாளில் நாட்டுப்படகு மீன். இரண்டையும் ஒரே பக்கத்தில் எழுதக் கூடாது. நாகப்பட்டினத்தில் பல நாள் கடலிலேயே தங்கிப் பிடிக்கும் தங்கு கடல் படகு வந்தால் கடைசி நாள் மீனா, முதல் நாள் மீனா என்று கேட்டுக் குறியுங்கள். கோடியக்கரையில் அக்டோபர் முதல் மார்ச் வரை வெளியூர்ப் படகுகள் வந்து தங்கித் தொழில் செய்யும். அந்த மாதங்களை உள்ளூர் மாதங்களோடு ஒப்பிட வேண்டாம்.

அடுத்தது சங்காயம். மீன்மாவுக்கும் கோழித் தீவனத்துக்கும் போகிற கழிவு மீன் குவியலைப் பார்க்காமல் எழுதும் கணக்கு பாதிக் கணக்கு. விரல் நீள நாக்கு மீன் குஞ்சு ஏலத்துக்கு வராது, எந்தப் பதிவிலும் ஏறாது. நேராக அங்கேதான் போகும். அளக்கும் வழி இது: அந்தப் படகின் சங்காயம் எத்தனை பெட்டி என்று எண்ணுங்கள். குவியலின் மேல், நடு, அடி மூன்று இடத்திலிருந்தும் மண்வெட்டியால் அள்ளி ஒரு பெட்டி நிரப்புங்கள். அதில் உள்ள தட்டை மீனை எல்லாம் பொறுக்கி எண்ணி, அளந்து, பெட்டி எண்ணிக்கையால் பெருக்குங்கள். 20 பெட்டி சங்காயத்தில் ஒரு பெட்டியில் 45 குஞ்சு இருந்தால் அந்தப் படகு கொண்டுவந்தது ஏறக்குறைய 900 குஞ்சு. இந்த ஒரு எண்ணைப் பஞ்சாயத்தில் சொல்லிப் பாருங்கள். பேச்சின் போக்கே மாறும்.

முயற்சியைக் குறிக்காத நோட்டு வீண்

எத்தனை கிலோ என்பதோடு எத்தனை மணி நேரம் மடி தரையில் இழுபட்டது என்று படகை ஓட்டும் ஸ்ராங்கிடம் கேளுங்கள். வலையை ஒருமுறை விட்டு இழுத்து எடுப்பது ஒரு பாடு. ஒரு படகு 4 பாடு, பாட்டுக்கு 3 மணி என்றால் 12 மணி. எருமை நாக்கு 9 கிலோ என்றால் மணிக்கு 0.75 கிலோ. செவுள் வலைக்கு வலையின் நீளமும் கடலில் கிடந்த மணி நேரமும். தூண்டிலுக்கு முள் எண்ணிக்கையும் மணி நேரமும். கூடவே எத்தனை பாகம் (ஒரு பாகம் சுமார் ஆறு அடி) ஆழம், தரை சேறா மணலா, கரையிலிருந்து எந்தத் திசை என்று ஒரு வரி. என்ஜின் குதிரைத்திறனை வருஷம் ஒருமுறை குறியுங்கள். 120 குதிரைத்திறன் படகு 240 ஆனால் அதே ஒரு மணி நேரத்தில் அதிகத் தரையை வாரும். மணிக்குக் கிலோ குறையாமல் நிற்பது கடலின் நலத்தால் அல்ல, என்ஜினால்.

சினை பார்ப்பது

எந்த நீளத்துக்குக் கீழே பிடித்தால் குஞ்சு என்பதை வேறு கடலின் புத்தகத்திலிருந்து எடுக்காதீர்கள். உங்கள் மீனிலேயே கண்டுபிடிக்கலாம். நாக்கு மீனை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் குடலுக்குப் பின்னால் வாலை நோக்கி ஓடும் கூம்பு நிழல் தெரியும். பெண் மீனின் சினைப்பை அது. தட்டை மீன்களுக்குக் குடல் முன்னால் சுருங்கிக் கிடப்பதால் சினைப்பை பின்னோக்கித்தான் நீளும். சந்தேகம் இருந்தால் குருட்டுப் பக்கம் அறுத்துப் பாருங்கள். நூல் போல் இருந்தால் நிலை 1, மஞ்சள் ஏறியிருந்தால் 2, மணி மணியாகக் கண்ணுக்குத் தெரிந்தால் 3, அழுத்தினால் கண்ணாடி போன்ற முட்டை வந்தால் 4, சிவந்து தொளதொளத்தால் 5. சினை மீன் அதிகம் படும் மாதங்களில் மட்டும், ஒவ்வொரு செ.மீ. நீளத்திலும் மொத்தப் பெண் மீனில் நிலை 3-ம் அதற்கு மேலும் எத்தனை என்று கணக்கிடுங்கள். பாதிப் பெண் மீன்கள் சினையேறியிருக்கும் நீளம்தான் உங்கள் ஊர் எல்லைக்கோடு. இதற்கு 150 பெண் மீனாவது வேண்டும். குறைந்தால் பக்கத்து ஊர் நோட்டோடு சேர்த்துப் பாருங்கள்.

எண்களைப் படிப்பது

ஜூன் மாதத்தை மார்ச்சோடு ஒப்பிட்டு ஏமாறாதீர்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுத் தடை. அது முடிந்து முதல் பாட்டில் பெரிய மீன் விழும், மணிக்குக் கிலோவும் ஏறும். ஜூனை ஜூனோடுதான் வைத்துப் பார்க்க வேண்டும். கொள்ளிடத்தில் வெள்ளம் பெருகிய வருஷத்தைத் தனியாகக் குறியுங்கள். கலங்கல் பரவிய இடத்தில் மீன் இடம் மாறும், அது குறைவு ஆகாது.

நீளமும் மணிக்குக் கிலோவும் இரண்டும் இறங்கினால் பிடி மிஞ்சிவிட்டது என்று தயங்காமல் சொல்லலாம். சராசரி நீளம் இறங்கி, எண்ணிக்கை கூடியிருந்தால் பயப்பட வேண்டாம். குஞ்சு நன்றாக வந்திருக்கிறது, அது வளர விட வேண்டும் என்பதே பொருள். நீளம் அப்படியே இருந்து மணிக்குக் கிலோ மட்டும் இறங்குவதுதான் எனக்கு அதிகக் கவலை தரும் நிலை: பெரிய மீன் மிச்சம் இருக்கிறது, பின்னால் வர வேண்டிய குஞ்சு வரவில்லை. அப்போது சங்காயப் பக்கத்தையும் ஆற்று முகத்துவாரத்தையும் பாருங்கள். தட்டை மீன் குஞ்சு பிறக்கும்போது எல்லா மீனையும்போல இரண்டு பக்கமும் கண்ணோடு நீந்துகிறது. ஒரு கண் மறுபக்கம் நகர்ந்த பிறகு ஆழம் குறைந்த சேற்றிலும் மணலிலும் படிகிறது. முகத்துவாரத்தில் கொசுவலை கட்டினால் அந்த வயதில்தான் வாரிவிடுகிறோம்.

தூண்டில்காரர்களும் கணக்கில் உண்டு

கரை அரிப்பைத் தடுக்கப் போட்ட தூண்டில் வளைவுக் கற்களில் ஞாயிற்றுக்கிழமை தூண்டிலோடு நிற்பவர்கள் பிடிப்பது கொஞ்சம்தானே என்று விடக் கூடாது. அமெரிக்காவின் வட கரோலினாவில் 2023-ல் பொழுதுபோக்குத் தூண்டில்காரர்கள் ஒதுக்கீட்டைத் தாண்டிப் பிடித்ததால், 2024-ல் கடலோர நீரில் அவர்களுக்கு ஃபிளௌண்டர் பருவத்தையே திறக்கவில்லை. நம் கரையில் ஆள் குறைவு. இப்போதே எண்ணத் தொடங்கினால் எளிது. காலை 6, 9, மாலை 4, 6 மணிக்கு வளைவில் நடந்து தூண்டில் எண்ணிக்கையை மட்டும் எழுதுங்கள். முடித்துப் போகிறவரிடம் என்ன பட்டது, எத்தனை மணி நேரம் என்று கேளுங்கள்.

சின்னதைத் திருப்பி விடச் சொல்லுங்கள். வளர்ந்த தட்டை மீனுக்குக் காற்றுப்பை கிடையாது. ஆழத்திலிருந்து தூக்கினாலும் வயிறு ஊதிச் சாகாது, ஒழுங்காக விட்டால் பிழைக்கும். கையை நனைத்துப் பிடியுங்கள், செவுளில் விரல் விடாதீர்கள், நுனி உள்நோக்கி வளைந்த வளைமுள் பயன்படுத்துங்கள். முள்ளை விழுங்கியிருந்தால் பிடுங்காமல் தூண்டில் நரம்பை வாயருகே வெட்டிவிடுங்கள்.

படகில் என்ன மாற்றலாம்

மடிக்கடைசியில் 40 மி.மீ. சதுரக் கண் வைத்தால் பல மீன்களின் குஞ்சு தப்பும்; வையுங்கள். ஆனால் தட்டை மீனுக்கு அது மட்டும் போதாது. உருண்ட உடம்பு சதுரக் கண்ணில் நழுவும்; தட்டை உடம்புக்குச் சாய்சதுரக் கண்தான் வாகு. ஆகவே நாக்கு மீனுக்கு மூன்று வேலை கூடுதலாக வேண்டும். பாட்டை 2 மணி நேரத்துக்குள் முடிப்பது. மடியில் நசுங்கும் நேரம் குறையும். மடி கொட்டியதும் தளத்தில் தண்ணீர் பாய்ச்சி, குத்துக்கம்பி இல்லாமல் கையால் சின்னத் தட்டை மீனை முதலில் பொறுக்கி விடுவது; இறால் பொறுக்கி முடித்த பிறகு விட்டால் அது செத்த மீன். மூன்றாவது, நோட்டில் குஞ்சு குவியும் மாதமும் இடமும் தெரிந்ததும் அந்தச் சேற்றுத் தரையை அந்த மாதத்துக்கு மட்டும் விட்டுவைப்பது.

இந்த மூன்றாவதைச் சட்டம் வரும் வரை காத்திருக்காமல் ஊர்ப் பஞ்சாயத்தே செய்யலாம். இந்தக் கரையில் பஞ்சாயத்தார் சொல்லுக்கு இன்னும் மதிப்பு உண்டு. மாத வாரியான நீளப் படம், மணிக்குக் கிலோ, சங்காயக் குஞ்சு எண்ணிக்கை ஆகிய மூன்றையும் ஒரே அட்டையில் பெரிய எழுத்தில் வரைந்து, நகல் ஒன்றை நாகப்பட்டினம் மீன்வளப் பல்கலைக்கழகத்துக்கும் கொடுங்கள். கூட்டத்தை மே மாதக் கடைசியில் வையுங்கள். தடைக்காலத்தில் எல்லாரும் கரையில் இருப்பார்கள், வலை பிரித்துக் கட்டும் வேலையும் அப்போதுதான் நடக்கும். கண்ணை மாற்றச் சம்மதித்தவர் ஜூன் 14-க்குள் மாற்றிவிடலாம்.