வெடிச்சத்தம் பழகிய பன்றி: ஒலியையும் மூளையையும் பற்றிய சில தவறுகள்

கன்னியாகுமரி மாவட்டத்தில் பேச்சிப்பாறை, கீரிப்பாறைப் பக்கத்து மலையடிவார விளைகளில் மரச்சீனியும் (மரவள்ளி) வாழையும் பயிரிடுவோர், தகரம் தட்டியும் வெடி போட்டும் காட்டுப்பன்றியை விரட்டிப் பார்த்துவிட்டு, சில நாள்களில் அது அசைவதே இல்லை என்று சலித்துக்கொள்வதுண்டு. "அதுக்குக் காது மரத்துப்போச்சு" என்று அப்போது சொல்லப்படும் காரணம்தான் முதல் தவறு. சத்தத்துக்குப் பழகிய விலங்கு வேறு வகைச் சத்தம் கேட்டவுடன் மீண்டும் துள்ளும். காது செவிடாகவோ தசை களைத்தோ இருந்தால் அவ்வாறு துள்ளாது. பூனையின் செவிப்புலப் புறணியை (ஒலியை உணரும் மூளை மேலடுக்கை) ஆராய்ந்து 2003இல் வெளியான ஆய்வில், அடிக்கடி ஒலித்த சுரத்துக்குக் குறைவாகத் தூண்டப்பட்ட நரம்பணுக்கள், அரிதாக வந்த சுரத்துக்கு வலுவாகவே தூண்டப்பட்டன.

விலங்கு யோசித்துத்தான் சத்தத்தைப் புறக்கணிக்கிறது என்று கருதுவதும் பிழை. திடீர் ஓசைக்கு எலி துள்ளும் அனிச்சைச் செயலின் பாதை மூளைத்தண்டு வழியாகத் தண்டுவடத்துக்கு இறங்குகிறது. ஒரே ஓசை திரும்பத் திரும்ப வரும்போது துள்ளல் குறைவதான குறுகிய நேரப் பழக்கம் பெரும்பாலும் அந்தப் பாதையிலேயே உண்டாகிறது. மூளையின் மேற்பகுதிகளுக்கும் பங்குண்டு என்றாலும், அவை இல்லாமலும் பழக்கம் ஏற்படும். 1966இல் ஆய்வாளர்கள் தாம்சனும் ஸ்பென்சரும் பழக்கத்தின் ஒன்பது இயல்புகளைத் தொகுத்தபோது, பூனையின் தண்டுவட அனிச்சையையே தங்கள் சோதனைக்களமாகக் கொண்டிருந்தனர்.

விளைநிலத்தில் அதிக நட்டம் தரும் தவறு வேறொன்று. பன்றி பயப்படவில்லை என்றதும் தகரத்திலிருந்து சிறுவெடிக்கும், சிறுவெடியிலிருந்து பெருவெடிக்கும் படிப்படியாக ஏறுகிறோம். 1969இல் ஆய்வாளர்கள் டேவிஸும் வாக்னரும் எலிகளில் செய்த சோதனையில், ஒலியை மெல்ல மெல்லக் கூட்டிக் கேட்கவைக்கப்பட்ட எலிகள், தொடக்கம் முதலே உரத்த ஒலியைக் கேட்ட எலிகளைவிட, இறுதியில் அதே உரத்த ஒலிக்குக் குறைவாகவே துள்ளின. ஆகவே ஒவ்வொரு படியும் அடுத்த படிக்கான பயிற்சியாகிவிடுகிறது. சில நாள் நிறுத்தினால் பயம் திரும்புமே என்பது உண்மைதான். ஆனால் நிறுத்தித் தொடங்கும் ஒவ்வொரு சுற்றிலும் அது முன்னைவிட விரைவாக மங்கும். ஒலியின் வகையையும் வரும் திசையையும் நேரத்தையும் மாற்றுவது பழக்கத்தைத் தாமதப்படுத்தும். வேலியின் வேலையை அதுவும் செய்யாது.

இதற்கு நேரெதிரான தவறு வீடுகளில் நடக்கிறது. கோயில் கொடையிலோ தேவாலயத் திருவிழாவிலோ வெடி வெடிக்கும்போது நடுங்கும் நாயை, பழகிவிடும் என்று முற்றத்தில் கட்டிவிடுகிறார்கள். மிக உரத்த, அச்சுறுத்தும் ஒலி மீண்டும் மீண்டும் வரும்போது பழக்கத்துக்குப் பதிலாக மிகையுணர்வு வளரலாம். அச்சத்தோடு தொடர்புடைய அமிக்டலா என்னும் மூளைப் பகுதி துள்ளும் அனிச்சையை இன்னும் வலுப்படுத்தும். விளையில் நட்டம் தந்த அதே விதி இங்கே உதவும்: திருவிழாவுக்கு வெகுமுன்பே, வெடியொலியின் பதிவை நாய் கலங்காத அளவு மெல்லிய ஒலியில் உணவோடு கேட்கவைத்து, அது அமைதியாக இருக்கும்வரை மட்டுமே சிறிது சிறிதாகக் கூட்ட வேண்டும்.