கிளவுட் கேமிங் சந்தா கட்டும் முன்

விலை உயர்ந்த கிராஃபிக்ஸ் கார்டு இல்லாமலே பெரிய கேம்களைப் பழைய லேப்டாப்பில் ஆடலாம், டவுன்லோடுக்காகக் காத்திருக்க வேண்டாம். கேம் தூரத்து சர்வரில் ஓடும், படம் மட்டும் நெட் வழியாக நம் திரைக்கு வரும்; இந்தக் கிளவுட் கேமிங்கில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். ஆனால் பணம் கட்டும் முன் நெட்டைச் சோதியுங்கள். 1080பி படத் தரத்துக்கு, என்விடியாவின் கிளவுட் கேமிங் சேவையான ஜிஃபோர்ஸ் நவ் 25 எம்பிபிஎஸ் வேகம் கேட்கிறது. வேகத்தைவிட பிங், அதாவது நம் கட்டளை சர்வருக்குப் போய்த் திரும்ப ஆகும் நேரம், முக்கியம். பட்டனை அழுத்தி ஒரு கணம் கழித்துத்தான் ஆள் குதிக்கிறான் என்றால் சண்டை கேம் ஆடவே முடியாது. புதிர் விளையாட்டுக்குப் பரவாயில்லை. வைஃபைக்குப் பதில் லேன் கேபிளைச் செருகிப் பாருங்கள், வித்தியாசம் கையிலேயே தெரியும். டேட்டாவிலும் கவனம்: 20 எம்பிபிஎஸ்ஸில் ஒரு மணி நேரம் ஆடினால் 9 ஜிபி காலி. அப்புறம், சேவையே மூடப்படலாம். கூகுள் ஸ்டேடியா 2023 ஜனவரியில் நின்றது. அதனால் ஆண்டுச் சந்தாவுக்குப் போகாமல், முதலில் ஒரு மாதம் மட்டும் கட்டுங்கள்.